மந்தம் எந்த மாத்திரையிலிருந்து வருகிறது?

9 பிப்ரவரி 2025, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு கேள்வி

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இல்லாத குரல் கேட்பது அடங்கிவிட்டது. ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், இப்போது தொலைக்காட்சிச் செய்தியைப் பாதிவரை பார்த்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று எழுந்து போகிறான். இரவில் குரலை அடக்க ஒலான்சபின், தூங்க லோராசெபாம். காலையும் மாலையும் பென்ஹெக்சால். தூக்க மாத்திரைதான் மூளையை அழிக்கிறது என்கிறார் அம்மா. எல்லாவற்றையும் நிறுத்தினால் பழைய புத்தி திரும்புமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி, இரவு, பதில்

எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முக்கியமாக லோராசெபாமை. மாதக்கணக்கில் தினமும் எடுத்தவர் திடீரென விட்டால் தூக்கம் போகும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். ஒலான்சபினை விட்டால் குரல்கள் திரும்பும் ஆபத்து உண்டு. அது சில சமயம் மாதக்கணக்கில் தாமதித்து வருவதால், "நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று எல்லாரும் ஏமாறுகிறோம்.

நான் இரவு மாத்திரை போட்டாகிவிட்டது. இனி எழுதினால் காலையில் நானே படித்துவிட்டு இதை யார் எழுதியது என்று கேட்பேன். மீதி நாளை.

10 பிப்ரவரி

எனக்கும் இதே நோய்தான், இருபதுகளிலிருந்து. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். மருத்துவரும் அல்ல, தாதியும் அல்ல. ஆனால் என் மந்தம் எண்களில் தெரிந்துவிடும். 563 வெள்ளி பில் எந்த நாளில் 536 என்று பதிவாகிறது, எந்த நாளில் சரியாகப் பதிவாகிறது என்று பேரேடே காட்டிக்கொடுத்துவிடும்.

தம்பி எடுக்கும் மூன்றும் மூன்று விதமாக மந்தப்படுத்துபவை. மூன்றையும் சேர்த்து "மாத்திரை" என்று பேசுவதால்தான் மருத்துவரிடம் புலம்பிவிட்டு அதே மருந்துச் சீட்டோடு வீடு திரும்புகிறோம்.

லோராசெபாம் மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலையைக் கூட்டுகிறது. படபடப்பு தணியும், தூக்கம் வரும். கூடவே, புதிதாகக் கேட்பதும் பார்ப்பதும் நினைவில் சரியாகப் பதியாது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சுமார் 12 மணி நேரம் ஆகும். இரவு பத்துக்குப் போட்டால் காலை பத்து மணி வகுப்பில் உட்காரும்போது பாதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த டயசெபாம் இன்னும் மோசம். அது உடைந்து உண்டாகும் பொருளும் வேலை செய்வதால் நாள்கணக்கில் தங்கும்.

ஒலான்சபினின் முக்கிய வேலை டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுப்பது. குரலை அடக்குவது அதுதான். தூக்கம் வேறு வழியில் வருகிறது. அந்த மருந்து மூளையை விழிக்கவைக்கும் ஹிஸ்டமினையும் தடுக்கிறது. குவெட்டியபின், குளோசபின் இரண்டும் அதே வகை.

ஒலான்சபின் போன்றவை உண்டாக்கும் கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கப்படுவது பென்ஹெக்சால். அசிட்டைல்கோலினைத் தடுக்கும். நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை நம்பியிருக்கும் பொருள்களில் அசிட்டைல்கோலினும் ஒன்று. வாய் வறண்டு போகிறதா, மலச்சிக்கல் உண்டா, கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறதா என்று தம்பியைக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அந்த மருந்து மூளையையும் விட்டுவைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

அம்மா தூக்க மாத்திரையைக் குற்றம் சொல்கிறார். என் சந்தேகம் இந்த மூன்றாவதன்மேல். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். இன்று மாதக் கணக்கு முடிக்க வேண்டும்.

11 பிப்ரவரி

"நினைவில் பதியாது என்றால் மறதியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறதி வேறு. பல ஆண்டுகளுக்கு முன், லோராசெபாம் அளவு அதிகமாக இருந்த காலத்தில், இரவில் சித்தி தொலைபேசியில் அழைத்து மகளின் நிச்சயதார்த்தத் தேதியைச் சொன்னார். நான் நன்றாகவே பேசியிருக்கிறேன். புடவை நிறம்கூடக் கேட்டிருக்கிறேன். மறுநாள் அம்மா அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது எனக்கு யார் நிச்சயம், என்ன தேதி, ஒன்றும் தெரியாது. அழைப்பு வந்ததே தெரியாது. கைப்பேசியில் சித்தியின் எண்ணும் பேசிய நேரமும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறள்கள் அத்தனையும் அன்றும் நினைவிருந்தன. பழையது பத்திரமாக இருக்க, மாத்திரை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நடப்பது மட்டும் ஏட்டில் ஏறாது.

சித்திக்கு இன்றும் கோபம். "அக்கறையில்லை" என்கிறார். விளக்கிப் பார்த்தேன், பயனில்லை.

13 பிப்ரவரி

பென்ஹெக்சாலுக்கு வருவதற்கு முன் ஒரு கசப்பான விஷயம். மந்தத்தில் ஒரு பங்கு நோயினுடையதே.

இந்த நோயை முதலில் தனியாகப் பிரித்து விவரித்த ஜெர்மன் மருத்துவர் எமில் கிரெப்பலின், 1890களிலேயே நோயாளிகளின் கவனமும் சிந்தனையும் தளர்வதை எழுதிவைத்தார். அவர் காலத்தில் ஒலான்சபின் ஏது? இவ்வகையின் முதல் மருந்தான குளோர்புரோமசின் பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டதே 1952இல்தான். நம் சிங்கப்பூரில் இயோ சூ காங் சாலையில் மனநோய் மருத்துவமனை திறந்தது 1928. பிற்பாடு எல்லாரும் வுட்பிரிட்ஜ் என்று பயந்து சொன்ன அதே இடம். அங்கே முதல் கால் நூற்றாண்டு இருந்தவர்கள் இந்த மருந்துகள் எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு வேளை மருந்துகூட எடுக்காத புதிய நோயாளிகளைச் சோதித்தாலும் சொற்களை நினைவில் வைப்பது, கணக்குப் போடும் வேகம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது ஆகியவற்றில் பின்தங்கியே இருக்கிறார்கள். பலருக்கு இது முதல் குரல் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தம்பியின் மதிப்பெண்கள் எந்தப் பருவத்திலிருந்து சரிந்தன என்று பழைய சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சரிந்திருந்தால் முழுப் பழியையும் மாத்திரைமேல் போட முடியாது.

இதை எழுதும்போது எனக்கே பிடிக்கவில்லை. மாத்திரை என்றால் குறைக்கலாம். நோய் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

16 பிப்ரவரி

"புதிய மருந்துகள் மூளையைக் கூர்மையாக்கும், பழைய ஊசி மருந்துகள்தான் மழுங்கடிக்கும்" என்று ஒரு அன்பர் உறுதியாக எழுதியிருக்கிறார். நானும் இதை ஒருகாலத்தில் நம்பினேன், மருத்துவர்களும் நம்பினார்கள். அமெரிக்காவில் சுமார் 1,500 நோயாளிகளை வைத்து நடந்த கேட்டி ஆய்வு இருக்கிறது. முதல் முடிவு 2005இல் வந்தது, சிந்தனைத் திறன் பற்றிய முடிவு 2007இல். ஒலான்சபின், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன், சிப்ராசிடோன் ஆகிய புதியவற்றோடு பெர்ஃபெனசின் என்ற பழைய மருந்தையும் போட்டியில் விட்டார்கள். எல்லாவற்றிலும் முன்னேற்றம் கொஞ்சம்தான். இரண்டு மாதத்தில் மருந்துகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. 18 மாதத்தில் அந்தப் பழைய மருந்து சற்று முந்தியது.

அந்தக் கொஞ்ச முன்னேற்றத்திலும் ஒரு பங்கு பழக்கத்தால் வருவது. அதே சோதனையை இரண்டாம் முறை எழுதினால் நோய் இல்லாதவருக்கும் மதிப்பெண் கூடத்தான் செய்யும்.

17 பிப்ரவரி

எப்படித்தான் சோதிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓர் ஆய்வுக்குப் போய்வந்தேன், இடம் வேண்டாம். 15 சொற்களை நிதானமாக வாசிப்பார்கள், திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியல் ஐந்து முறை. பிறகு எண்களைக் கலைத்துச் சொல்வார்கள், சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிச் சொல்ல வேண்டும். கணக்கெழுதுபவளுக்கு இதில் மானப் பிரச்சினை வேறு.

என்னை உலுக்கியது மிகவும் எளிதாகத் தெரிந்த ஒன்று. மேசையில் நூறு பிளாஸ்டிக் வில்லைகள், நடுவில் ஒரு டப்பா. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு வில்லையை எடுத்து டப்பாவில் போட வேண்டும், 60 வினாடிக்குள் முடிந்தவரை. வலது கை வில்லையோடு டப்பாவுக்கு மேலே போய்க் காத்திருக்கிறது. இடது கை இன்னும் மேசையைத் துழாவிக்கொண்டிருக்கிறது. நகம் வில்லையின் ஓரத்தில் சறுக்குகிறது. சோதிப்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கடிகாரத்தையே பார்க்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறது, கை வரமாட்டேன் என்கிறது. வீட்டில் "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் ஒவ்வொருவரையும் அந்த மேசையில் ஒரு நிமிடம் உட்காரவைக்க முடியாது. திட்டுகிறவர்களையாவது பக்கத்தில் நிற்கவைக்க வேண்டும்.

22 பிப்ரவரி

லோராசெபாமை விஷம் என்று எழுதுகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். இந்த நோயில் சிலர் உறைந்துபோவார்கள். பேச்சில்லை, சாப்பாடில்லை, கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே இருக்கும். கேட்டடோனியா என்பார்கள். அந்த நிலையில் முதலில் கொடுப்பது லோராசெபாம்தான். ஊசியாகப் போட்ட சில நிமிடங்களில் பேசத் தொடங்கியவர்கள் உண்டு. பொதுவாகத் தூங்கவைக்கும் மருந்து இங்கே ஆளை எழுப்புகிறது.

தீவிரமாகக் கொந்தளிக்கும் நாள்களிலும் அதற்கு ஈடு குறைவு. இரவு முழுவதும் தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருப்பவரின் சிந்தனை, மாத்திரை போட்டுத் தூங்கியவரின் சிந்தனையைவிட எந்த வகையிலும் தெளிவாக இருக்காது. ஆனால் இந்த வகை மருந்து மனச்சிதைவையே குணப்படுத்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நெருக்கடி தணிந்தபின் யாரும் நிறுத்தச் சொல்லாததால் சீட்டில் ஒட்டிக்கொண்டே வருவதைத்தான் நான் குறை சொல்கிறேன். தூக்கம் வரவைக்கும் சக்தி சில வாரங்களில் தேய்ந்துவிடும், நினைவைக் கெடுக்கும் சக்தி அவ்வளவு எளிதில் தேயாது. தினமும் எடுப்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டாவதுதான்.

சுகாதார அமைச்சு 2008இலேயே இவ்வகை மாத்திரைகளை எழுதிக்கொடுப்பதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தனியார் மருந்தகத்தில் கேட்டால் மருத்துவர் தயங்குவதற்குக் காரணம் அதுதான், உங்கள்மேல் சந்தேகம் அல்ல. சரி, கொஞ்சம் சந்தேகமும் இருக்கலாம்.

1 மார்ச்

இந்த இழையில் பேச்சு கோப்பிக்குப் போய்விட்டது, நானும் போகிறேன். மருந்து வாங்கும் வரிசையில் பழக்கமான ஒரு அண்ணன் குளோசபின் எடுக்கிறார். பகலில் தலை தொங்குகிறது என்று காப்பிக்கடையில் கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) மாற்றி மாற்றிக் குடிப்பார். குளோசபினையும் கேஃபீனையும் கல்லீரலில் ஒரே நொதிதான் உடைக்கிறது. கோப்பி கூடினால் குளோசபின் உடைவது குறைந்து இரத்தத்தில் அளவு ஏறும். அளவு ஏறினால் தூக்கம் கூடும், தூக்கம் கூடினால் இன்னொரு கோப்பி. அவரிடம் சொன்னபோது, "அப்படியென்றால் தேநீர்?" என்றார். தேநீரிலும் கேஃபீன் உண்டு, அண்ணே.

சிகரெட் இதற்கு நேர்மாறு. புகையிலுள்ள பொருள்கள் அந்த நொதியை முடுக்கிவிடுவதால் புகைப்பவர் இரத்தத்தில் குளோசபின் குறைவாக இருக்கும். மருத்துவமனையில் படுக்கும்போது புகைப்பது நின்றுவிடும். அளவு சில நாளிலேயே ஏறும், ஆள் எச்சில் வடியக் கிறங்கிக் கிடப்பார். "நோய் முற்றிவிட்டது" என்று குடும்பம் அழும். இதைச் செய்வது புகை, நிக்கோட்டின் அல்ல. ஆகவே நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை போட்டாலும் அளவு ஏறவே செய்யும். ஒலான்சபினும் ஓரளவு இப்படித்தான். தம்பி புகைப்பவர் என்றால், விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விடவே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் பரப்ப வேண்டாம்.

8 மார்ச்

இனி பென்ஹெக்சால்.

எனக்கு அதை எழுதிக்கொடுத்தது ஒரு பழைய ஊசி மருந்தின்போது. ஊசி போய் மாத்திரை வந்தது. அந்த மாத்திரை நடுக்கம் தருவது குறைவு. பென்ஹெக்சால் மட்டும் போகவில்லை. நான் போன இடத்தில், பெயர் வேண்டாம், மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் எழுதியதை அப்படியே தொடர்ந்தார்கள். "இது எதற்கு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாப்பிட்டபின் இரண்டு வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான்.

கடைசியில் கேட்டவர் மருந்து கொடுக்கும் சாளரத்தில் இருந்த ஓர் இளம் மருந்தாளர். "அக்கா, கை நடுங்குகிறதா?" இல்லை. "கால்?" இல்லை. "அப்படியென்றால் அடுத்த முறை டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்." கேட்டேன். மருத்துவர் திரையைப் பார்த்தார், என்னை ஒரு முறை நடக்கச் சொன்னார், மணிக்கட்டை மடக்கி இறுக்கம் பார்த்தார், அளவைக் குறைத்தார். பல வாரங்களில் படிப்படியாக. ஒரேயடியாக விட்டால் குமட்டல், அமைதியின்மை, தூக்கக் கேடு எல்லாம் வரும். நடுவில் ஒரு கட்டத்தில் கால் ஓயாமல் ஆடத் தொடங்கியது, ஒரு படி திரும்ப ஏறி நின்று மறுபடி இறங்கினோம்.

வித்தியாசம் முதலில் தெரிந்தது கடையில். முதலாளி பற்றுச்சீட்டு எண்களை வாய்விட்டுப் படிப்பார், நான் தட்டச்சு செய்வேன். முன்பு நான்கு இலக்கத்துக்குமேல் "திரும்பச் சொல்லுங்கள்" என்பேன். 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கூட்டிச் சொல்லும்போது மூலத் தொகை மறந்துவிடும். அது குறைந்தது. நாவல் ஒன்றைத் தொடங்கினால் முப்பதாவது பக்கத்தில் பாத்திரங்களின் பெயர் கலையாமல் நின்றது.

9 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் "பென்ஹெக்சாலை விட்டால் குணம்" என்று வேறொரு குழுவில் எழுதிவிட்டாராம். அப்படி நான் சொல்லவில்லை. அதே காலத்தில் என் லோராசெபாமும் தேவைப்படும் இரவுகளுக்கு மட்டும் என்று குறைந்திருந்தது. முழுநேர வேலைக்கும் அப்போதுதான் வந்தேன். தினமும் எண்களோடு மல்லுக்கட்டுவதே ஒரு பயிற்சி. எது எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துச் சுமை கூடக்கூடச் சிந்தனைத் திறன் குறைவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதனால் அதன்மேல் என் சந்தேகம் வலுவானது. ஆனால் நடுக்கமும் தசை இறுக்கமும் உள்ளவருக்கு அந்த மாத்திரை இல்லாமல் சாப்பிடக் கரண்டி பிடிக்க முடியாது. அவருக்கு மந்தமே மேல்.

திரும்பாதவையும் உண்டு. கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்றும் எனக்கு இருவர் பேச்சும் போய்விடும். தேக்கா சந்தையில் ஞாயிறு காலை நான் வாங்கப் போவதில்லை, அம்மாதான் போவார்.

15 மார்ச்

புதிய மருந்து ஏதும் வருகிறதா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சிந்தனைத் திறனுக்கென்றே தயாரான ஐக்லெபெர்டின், கடைசிக்கட்டச் சோதனையில் பலன் காட்டவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். அதன்மேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது, அறிக்கையைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அனுமதி பெற்ற சனோமெலின்-ட்ரோஸ்பியம் வேறு வகை. டோபமைனை நேரடியாகத் தடுக்காமல், பென்ஹெக்சால் தடுக்கும் அதே பக்கத்தைத் தூண்டுகிறது. அனுமதி கிடைத்தது பெரியவர்களின் மனச்சிதைவு நோய்க்காக, சிந்தனைத் திறனுக்கென்று அல்ல. நினைவைக் கூட்டும் மாத்திரை என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

23 மார்ச்

முதலில் கேள்வி கேட்ட ஈசூன் தங்கை எழுதியிருக்கிறார்: மருத்துவர் தம்பியின் லோராசெபாமைக் கால் பங்கு குறைத்திருக்கிறார், ஒலான்சபினை இரவு எட்டுக்கே போடச் சொல்லியிருக்கிறார், பென்ஹெக்சாலை அடுத்த முறை பார்க்கலாம் என்றிருக்கிறார். ஒவ்வொன்றாகச் செய்வது நல்லது. மூன்றையும் ஒரே மாதத்தில் அசைத்தால் எது எதைச் செய்தது என்று மருத்துவருக்கே தெரியாது. அதுவரை தம்பி தினமும் ஒரே மாதிரி வேலை ஒன்றை ஒரே நேரத்தில் செய்து குறித்துவைக்கட்டும். சுடோகு போதும். முடித்த நேரத்தையும், முந்தைய இரவு எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்பதையும் எழுதிக்கொண்டு போனால் ஐந்து நிமிடச் சந்திப்பில் "மந்தமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட அதிகம் பேச முடியும்.

அவர் கேட்ட இன்னொன்று: தம்பிக்குச் சளி, கடையில் மாத்திரை வாங்கலாமா? குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் இரண்டையும் தவிர்க்கப் பாருங்கள். தூக்கத்தையும் கூட்டும், பென்ஹெக்சால் செய்வதையே இன்னும் கொஞ்சம் செய்யும். லோராடடின் மூளைக்குள் மிகக் குறைவாகவே போகிறது. இருமல் மருந்துப் புட்டிகளிலும் முதலிரண்டு மறைந்திருக்கும், லேபிளைப் பாருங்கள். எதுவானாலும் தம்பி எடுக்கும் எல்லா மருந்தின் பட்டியலையும் மருந்தாளரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.